தண்தேறல்: ஓர் அடைமொழியின் வரலாறு

புறநானூற்றின் 56ஆம் பாடல் ஒரு வாழ்த்தில் முடிகிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைச் சிவன், பலதேவன், திருமால், முருகன் ஆகிய நால்வரோடும் ஒப்பிட்டுப் புகழ்கிறார். பின்னர், யவனர் கொணர்ந்த, குளிர்ந்து மணக்கும் தேறலை, ஒளிவளை அணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் பருகி இனிது வாழ்வாயாக என வாழ்த்துகிறார்.

தமிழ் பயின்றோர் அறிந்த பாடல் இது. கடல் வணிகத்தின் சான்றாக இதனைக் காட்டாத வரலாற்று நூல் அரிது. ‘யவனர்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் செல்வோர் உளர். யவனர் தந்த ‘கலம்’ கப்பலா, குப்பியா என வாதிடுவோரும் உளர். ஆயின் தேறலுக்கு முன்னே அமைதியாக நிற்கும் ‘தண்’ என்னும் சொல்லின்மேல் நம் வகுப்பறைகள் பெரும்பாலும் நிற்பதில்லை. ‘குளிர்ந்த’ என்று பொருள் கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம்.

நின்று பார்த்தால் ஒரு வினா எழும். செங்கடலின் வெப்பத்தில் புறப்பட்டுப் பல வாரங்கள் கப்பலின் அடித்தளத்தில் கிடந்து, கரையேறி, பாண்டிநாட்டு வெயிலில் வண்டியேறி வந்த மது எவ்வாறு குளிர்ந்தது? தானாகக் குளிர்ந்திராது. யாரோ குளிரச் செய்திருக்க வேண்டும். ‘தண்’ என்பது வெற்று அடைமொழி அன்று, அதற்குள் ஓர் அறிவும் சிலரது உழைப்பும் ஒளிந்துள்ளன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. பத்தாண்டுகளாகச் சொற்களின் எடையை நிறுத்துப் பார்த்துவரும் நம் இலக்கிய வட்டத்தின் மலருக்கு இப்பொருள் ஏற்றது எனக் கருதுகிறேன்.

யவனர் மது

முதலில் மதுவைப் பற்றிய செய்திகளைத் தொகுத்துக் கொள்வோம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்’ என்னும் கிரேக்க வணிகக் கையேடு, இந்தியத் துறைமுகங்களில் விலைபோகும் பொருள்களைப் பட்டியலிடுகிறது. பரிகாசா எனப்பட்ட பரூச்சில் மது விலைபோகும் என்றும், அதிலும் இத்தாலிய மது விரும்பப்படும் என்றும், லவோதிக்கேயா மதுவும் அரேபிய மதுவும் இறக்குமதியாகும் என்றும் அது குறிக்கிறது. முசிறிக்கு மது சிறிதளவே செல்லும் என்கிறது. சிறிதளவே வந்த பொருள் அரிய பொருளாகும். அரிய பொருள் அரசன் அவையில் இருந்ததில் வியப்பில்லை.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோதும், 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தபோதும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அகழ்ந்தபோதும் இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆம்போரா எனப்படும் இச்சாடிகளுள் மது கொணர்ந்தவை பல. கீழே கூம்பி, மேலே கழுத்து நீண்டு, இருபுறமும் பிடியுடன் அமைந்தவை அவை. கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007இல் தொடங்கிய அகழாய்வில் இத்தகைய உடைசல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ரோமானியச் சாடிகள் என முன்னர்ப் பதிவான உடைசல்களுள் சில, உண்மையில் மெசபடோமியப் பகுதியில் செய்யப்பட்ட, காதில்லாத நெடுஞ்சாடிகள் என ரொபர்ட்டா டோம்பர் 2007இல் எடுத்துக் காட்டினார். ஆதலின் கிடைத்த ஓடெல்லாம் யவன ஓடு எனக் கொள்ளலாகாது. ஆயினும் மேற்கிலிருந்து மது இந்நாட்டுக்கு வந்தது என்னும் செய்தி ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது.

மதுவின் நிறம் யாது? பாடல் கூறவில்லை. ரோமானிய அறிஞர் பிளினி, மதுவுக்கு வெண்மை, பழுப்பு மஞ்சள், குருதிச் செம்மை, கருமை என நான்கு நிறங்களை வகுத்தார். பாண்டியன் பொற்கலத்தில் இருந்தது இவற்றுள் எது என நாம் கூற இயலாது. நக்கீரர் நிறத்தைக் கூறாமல் குளிர்ச்சியையும் மணத்தையும் மட்டும் கூறினார். கண்ணுக்குரியதை விடுத்து நாவுக்கும் மூக்குக்கும் உரியவற்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதே கருதத்தக்கது.

மூன்று சான்றுகள்

‘தண்’ என்பது தமிழ்ச் செய்யுளில் மலருக்கும் வரும், சோலைக்கும் வரும், அரசன் குடைக்கும் வரும். இனிமையைக் குறிக்கும் பொது அடையாகவே இதனைக் கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழியாக மூன்று சான்றுகளை முன்வைக்கலாம்.

முதலாவது, யவனரின் சொந்த வழக்கம். கிரேக்கர் மதுவை நீர் கலந்தே பருகினர். அதனைக் குளிர்விப்பதற்கென்றே சைக்டர் என்னும் கலத்தைக் கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வனைந்தனர். காளான் போன்ற வடிவினதாகிய அக்கலம் பெரிய கலத்தினுள் மிதக்கும். ஒன்றில் மது, மற்றொன்றில் குளிர்நீர். ரோமானியச் செல்வர் மலைப்பனியைக் கோடைக்கெனச் சேமித்தனர். நீரைக் காய்ச்சிக் கண்ணாடிக் கலத்தில் ஊற்றிப் பனியில் புதைத்துக் குளிர்விக்கும் முறையை நீரோ மன்னன் கண்டான் எனப் பிளினி எழுதுகிறார். மதுவைக் கொணர்ந்தவர்கள், அதனை எவ்வாறு பருக வேண்டும் என்னும் வழக்கத்தையும் உடன்கொணர்ந்திருத்தல் இயல்பு.

இரண்டாவது, அதே புலவர் பெயரால் வழங்கும் நெடுநல்வாடை. அது கூதிர்க்கால வருணனை. மழையும் வாடையும் வருத்தும் அந்நாளில் ஒருவரும் குவிந்த வாயையுடைய கலத்தில் உள்ள தண்ணீரைப் பருகார், அகன்ற வாயையுடைய தடாவில் நெருப்பு மூட்டி அதன் வெம்மையையே நாடுவர் என அப்பாட்டு சித்திரிக்கிறது. அழகுறச் செய்த விசிறி மூடப்பட்டுத் தொங்குகிறது, அதில் சிலந்தி வலை பின்னுகிறது. இவ்வருணனையைத் திருப்பிப் பிடித்தால் கோடைக்காட்சி தானே தோன்றும். வேனிலில் குறுகிய வாய்க்கலத்து நீர் குளிர்ந்திருந்தது, மக்கள் அதனை விரும்பிப் பருகினர், விசிறி ஓயாமல் அசைந்தது. எந்தப் பருவத்தில் எது வேண்டும், எது வேண்டா எனத் துல்லியமாக வேறுபடுத்தத் தெரிந்த புலவர், தேறலுக்குத் ‘தண்’ என்னும் அடையைப் பொருளின்றி இட்டிருப்பார் எனக் கொள்ளுதல் கடினம்.

மூன்றாவது, மன்னன் பெயர். இலவந்திகை என்பது பொறியமைந்த வாவியைச் சூழ்ந்த சோலை. அரசனும் அவன் உரிமை மகளிரும் நீராடி வேனிலைக் கழிக்கும் இடம். அங்கே உயிர்நீத்தமையால் இம்மன்னனுக்கு அப்பெயர் அமைந்தது. வெயிலுக்கு ஒதுங்கும் சோலையின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒருவனை நோக்கியே குளிர்ந்த தேறலின் வாழ்த்து எழுந்தது. இதனை முடிந்த முடிபு எனக் கூறவில்லை. அடைமொழி, புலவர், மன்னன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன எனலாம்.

பொற்கலம் என்னும் செய்தியும் கருதத்தக்கது. மண்கலம் தன் உட்பொருளின் குளிர்ச்சியை மெல்லவே வெளிப்படுத்தும். பொன் வெப்பத்தை விரைந்து கடத்தும் உலோகம். குளிர்ந்த மதுவை அதில் வார்த்தால், வார்த்த மாத்திரத்தில் கலமும் குளிரும். ஏந்திய விரலும் பருகும் இதழும் அதனை உடனே உணரும். வெதுவெதுப்பான மதுவுக்குப் பொற்கலம் பெருமை மட்டுமே தரும். குளிர்ந்த மதுவுக்கோ இன்பமும் தரும்.

மண்ணும் காற்றும் செய்த குளிர்ச்சி

பனியில்லா நாட்டில் குளிர்விப்பது எங்ஙனம்? மண்பானையை அறிந்த நமக்கு விடை அரிதன்று. சுடுமண்ணின் நுண்துளை வழியே கசியும் நீர் புறத்தே ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்று எவ்வளவு உலர்ந்து வீசுகிறதோ அவ்வளவு குளிர்ச்சி மிகும்.

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியினர் இதனை நன்கு அறிவர். கடற்கரையை ஒட்டியவர்க்குப் பகலிலேயே கிட்டும் கடற்காற்று நம்மிடம் வந்து சேரத் தாமதமாகும். சில நாள்களில் வாராமலே போகும். அதுவரை உலர்ந்த மேல்காற்றே நம்மை ஆளும். சங்கத் தமிழில் ‘கோடை’ என்பது இம்மேல்காற்றின் பெயர். பருவத்தின் பெயராக நாம் இன்று வழங்கும் சொல் காற்றின் பெயராகவும் இருந்தது என்பதை மேற்குப் புறநகர் மாந்தர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய நாளில் நம்மை வாட்டும் அதே உலர்காற்று, திண்ணைப் பானையின் நீரைக் குளிரவும் செய்கிறது. வருத்தும் காற்றே ஆற்றும் காற்றாகவும் அமையும் விந்தை இது.

ஆயின் யவனச் சாடிக்கு இவ்விதி பொருந்தாது. மது கசியாதிருக்க அச்சாடியின் உட்புறத்தில் மரப்பிசினைப் பூசினர். கசியாத சாடி தானே குளிராது. ஆகவே மதுவை நம் மண்கலத்துக்கு மாற்றியிருக்க வேண்டும், அல்லது சாடியின் புறத்தே ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்திருக்க வேண்டும், அல்லது நீருள்ளும் ஈரமணலுள்ளும் அமிழ்த்தியிருக்க வேண்டும். எம்முறை எனத் துணிய வழியில்லை. எதுவாயினும் ஒருவர் நீர் தெளித்துக் கொண்டே இருந்திருப்பார்.

நிலமும் துணைசெய்தது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலரின் புறநானூற்று 120ஆம் பாடல், நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைக் குறிக்கிறது. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைக் கூறுகின்றன. புதைத்தலின் நோக்கம் முதிர்ச்சியே என்பது உண்மை. எனினும் ஆழத்து மண்ணைப் பகலின் வெம்மை எளிதில் எட்டுவதில்லை. நண்பகலில் வெளியே 40 பாகை காயும்போது, சில முழ ஆழத்தில் அதனினும் பத்துப் பாகை அளவு குறைவாகவே இருக்கும். இன்றைய குளிர்பெட்டியின் குளிர்ச்சி அன்று. ஆனால் வெயிலில் வந்தவன் நாவுக்கு அதுவே தண்மை.

‘தேறல்’ என்னும் சொல்லும் இம்முறையோடு இயைகிறது. தேறுதல் என்பது தெளிதல். கலங்கியது அசையாதிருந்து அடிமண்டி தங்க, மேல்நிற்கும் தெளிவே தேறல். அசையாமல், வெயில் படாமல், பொறுத்திருந்து பெறுவது அது. தெளிவும் தண்மையும் ஒரே பொறுமையின் இருவேறு பயன்கள் எனலாம்.

பூவிருந்தவல்லியின் விசிறி

குளிர்ச்சி பிறர் கையால் வருவது என்பதை நம் பகுதியின் மரபுக் கதையொன்று அழகுறக் காட்டுகிறது. மதுவோடு தொடர்பில்லாத கதைதான். ஆயினும் நம் பொருளின் உயிர்நிலையைத் தொடுகிறது.

பூந்தமல்லி என நாம் சுருக்கி வழங்கும் பூவிருந்தவல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். இராமானுசரின் ஆசிரியருள் ஒருவர். அந்தணர் அல்லாத குலத்தில் பிறந்தவர். தம் ஊர்ப் பூக்களைக் காஞ்சி வரதருக்குச் சுமந்து சென்று சாத்தியவர். அவருக்குரிய தனித்தொண்டு திருவாலவட்டத் தொண்டு, அஃதாவது இறைவனுக்கு விசிறி வீசுதல். அவர் அரங்கத்தில் வீச விரும்பினார், காவிரி சூழ்ந்த எனக்குக் குளிர்ச்சி குறைவில்லை என்றார் அரங்கர். திருவேங்கடத்தில் வீச விரும்பினார், மலைமேல் நிற்கும் எனக்கு வெப்பமில்லை என்றார் வேங்கடவர். வேள்வித் தீயில் தோன்றிய காஞ்சி வரதரே அவ்விசிறியை ஏற்றார் என வைணவ மரபு கூறும்.

தொண்டைநாட்டு வெப்பத்தில் வாழ்ந்தோரின் கற்பனையில், தீயிற்பிறந்த தெய்வத்துக்கும் ஒரு மனிதக் கை தேவைப்பட்டது. அக்கைக்கு உரியவர் பெயரையும் அம்மரபு மறக்கவில்லை. விசிறியவர் பெயர் நிலைத்த அரிய இடம் இது. பிற இடங்களில் நிகழ்ந்ததோ வேறு.

செம்மதுவும் வெடியுப்பும்

சென்னப்பட்டினத்தில் கோட்டை கட்டிய ஆங்கிலேயர் தம் மதுவையும் உடன்கொணர்ந்தனர். பிரான்சின் போர்தோ பகுதிச் செம்மதுவை அவர்கள் ‘கிளாரெட்’ என்றனர். இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, கிளாரெட்டுக்கு இங்குப் பொதுவாக வழங்கிய பெயர் ‘லால் ஷராப்’, அதாவது சிவப்பு மது, எனப் பதிவு செய்கிறது.

செம்மதுவை அறையின் வெப்பநிலையிலேயே பருக வேண்டும் என்பது ஐரோப்பிய வழக்கு. ஆனால் அவ்வழக்கு பிறந்த நாட்டின் அறை, கோடைக்கு முன்னும் பின்னும் 16 முதல் 18 பாகை அளவில் இருந்த கல்வீட்டு அறை. நிலவறையிலிருந்து எடுத்த மது அவ்வறையில் சற்றே வெதும்பினால் மணம் விரியும். சென்னையின் மே மாதத்து அறையோ 35 பாகையைத் தாண்டும். அங்கே அதே விதியைப் பின்பற்றினால் மதுவின் எரிசாரமே முந்தி எழுந்து பழத்தின் மணத்தை மறைத்துவிடும். எனவே இங்கு வந்த ஐரோப்பியர் தம் நாட்டு விதியை இந்நாட்டு வெயிலிடம் விட்டுக்கொடுத்தனர். கிளாரெட்டைக் குளிர்வித்தே பருகினர். நக்கீரரின் அடைமொழி, அவர் பெயரையும் அறியாதோரின் மேசையில் மீண்டும் உண்மையாயிற்று.

பனிக்கட்டி வருமுன் குளிர்வித்தது வெடியுப்பு. அதனை நீரில் கரைத்தால் நீர் சட்டெனக் குளிரும். அக்பரின் அவையில் வெடியுப்பால் குடிநீரைக் குளிர்வித்த முறையை அபுல் பசல் அயினி அக்பரியில் விரித்துரைக்கிறார். வெடிமருந்தில் நெருப்பை வளர்க்கும் பொருளே நீரில் குளிர்ச்சியைத் தருவதைக் கண்டு அவரும் வியக்கிறார். ஆங்கிலேயர் இல்லங்களில் இவ்வேலைக்கென ‘ஆப்தார்’ என்னும் பணியாளர் இருந்தார். வெடியுப்பு கரைத்த நீரில் குப்பியை இட்டுச் சுழற்றிக்கொண்டே இருப்பது அவர் தொழில். உண்போர் அறையில் பங்கா இழுப்பவர் ஒருவர், புறத்தே குப்பி சுழற்றுபவர் ஒருவர் என இருவர் வியர்க்க ஒரு கிண்ணம் குளிர்ந்தது.

நம் பூந்தமல்லியிலும் ஐரோப்பியப் படைவீரர்க்கான பாளையமும், நோயுற்றோர் உடல்தேறும் நிலையமும் இருந்தன. கோட்டையிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலை இன்றும் அவ்வூரின் பெயரைத் தாங்கியே நிற்கிறது.

கடல் கடந்த பனிக்கட்டி

1833இல் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. மரத்தூளில் பொதிந்து, நடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதத்தில் வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியது. இவ்வணிகத்தை நடத்தியவர் பிரெடெரிக் டியூடர். அவர் நிறுவனம் 1842இல் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டிக் கிடங்கொன்றைக் கட்டியது. அப்பகுதிக்கு ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் பெயர் அதனால் ஏற்பட்டது.

பாஸ்டனை அடுத்த வால்டன் ஏரியிலும் பனிக்கட்டி வெட்டினர். 1846–47 குளிர்காலத்தில் அதனை அருகிருந்து கண்ட எழுத்தாளர் தோரோ, 1854இல் வெளிவந்த தம் ‘வால்டன்’ நூலில், வெம்மையில் வாடும் சென்னை, பம்பாய், கல்கத்தா மாந்தர் தம் கிணற்று நீரைப் பருகுகின்றனர் என்னும் பொருள்பட எழுதினார். யவன மது மேற்கிலிருந்து வந்தது, அதனைக் குளிர்வித்தது இந்நாட்டு மண். இப்போதோ மதுவோடு குளிர்ச்சியும் கப்பலேறி வந்தது.

கட்டுமரத்திலும் மசூலாப் படகிலும் சரக்கிறக்கிய காலம் அது. சென்னைக்கு அன்று துறைமுகமில்லை. அலை மோதும் திறந்த கடலில், உருகும் சரக்கைக் கரை சேர்த்துச் சுமந்தவர்கள் இக்கடற்கரையின் தமிழர்கள். கப்பலின் பெயர் நமக்குத் தெரியும், வணிகர் பெயர் தெரியும், ஏரியின் பெயரும் தெரியும். சுமந்தவர் ஒருவர் பெயரும் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை.

1870களில் நீராவிப் பொறியால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் அவ்வணிகம் நலிந்தது. கிடங்கைப் பிலிகிரி ஐயங்கார் வாங்கி இல்லமாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர்ச் சகோதரி சுப்பலட்சுமி இளங்கைம்பெண்களுக்கென நடத்திய இல்லம் அங்கே இயங்கிற்று. இன்று அது விவேகானந்தர் இல்லம். செல்வர் மேசைக்குக் குளிர்ச்சி காத்த சுவர்கள், பிற்காலத்தில் வெம்பிய வாழ்வுகளுக்கு நிழல் தந்தன என்பது அக்கட்டடத்தின் பெருமை.

கள்ளுண்ணாமையும் இக்கட்டுரையும்

மதுவின் இன்பத்தை ஒரு தமிழாசிரியை எழுதலாமா என்னும் வினா இதற்குள் சிலர் உள்ளத்தில் எழுந்திருக்கும். திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 1937இல் சேலம் மாவட்டத்திலும், 1948இல் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, பின்னர் மீண்டும் தளர்ந்தது. 1983இல் தொடங்கிய அரசு நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. 1987 முதல் கள் இறக்கத் தடை நிலவுகிறது. பனைமரத்தின் இயற்கையான தண்மது விலக்கப்பட்டு, ஆலையின் எரிமது அரசாலேயே விற்கப்படும் முரண் நம் கண்முன் நிற்கிறது.

ஆலைத் தொழிலாளர் நிறைந்த நம் புறநகரில், மதுவால் குலைந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பறையில் அமர்ந்துள்ளனர். அவர்கள் முன்நின்று மதுவைப் போற்ற நான் துணியேன். ஆனால் சங்கப் பாடலில் மது வரும் இடங்களை வெட்கத்தோடு தாண்டிச் செல்வதும் நேர்மையன்று. அதியமானை இழந்த ஔவையார், சிறிதளவு கள் பெறினும் அதனை எமக்கே தருவான் என நினைந்து அழுகிறார். புறநானூற்றின் 235ஆம் பாடல் அது. அங்கே கள் என்பது பகிர்வு. 56ஆம் பாடலிலும் மது ஒருவர் தர, ஒருவர் ஏந்த, ஒருவர் பருகும் பொருள். மதுக்கடை வாயிலில் நின்றவாறே தனியே விழுங்கி விழும் இன்றைய குடிக்கும் அதற்கும் உறவில்லை. வேறுபாட்டை அறியவேனும் பாடலை முழுமையாகப் படித்தல் வேண்டும்.

மேற்குலகும் இன்று தன் பழைய விதியைத் தளர்த்தி வருகிறது. பிரான்சின் போஜொலே போன்ற மென்மையான செம்மதுக்களை 12 முதல் 14 பாகை வரை குளிர்வித்துப் பருகுமாறு வல்லுநர் கூறுகின்றனர். துவர்ப்பு மிக்க செம்மதுவை அவ்வளவு குளிர்வித்தால் துவர்ப்பே மேலோங்கும், மென்மையானதே அதற்கு ஏற்றது என்பது அவர்தம் கணிப்பு. ஸ்பெயின் நாட்டார் செம்மதுவில் பனிக்கட்டியும் எலுமிச்சைச் சோடாவும் சேர்த்து, அதற்குக் ‘கோடைச் செம்மது’ என்றே தம் மொழியில் பெயரிட்டுள்ளனர். வெயில் எங்கே மிகுகிறதோ அங்கே தண்மையே சுவையின் முதல் இலக்கணமாகிறது. வெயில்நாட்டுப் புலவர் ஒருவர் அதனை ஓரசைச் சொல்லில் குறித்து வைத்தார்.

கவிஞர்க்கு ஒரு சொல்

நக்கீரர் பாடலை மீண்டும் நோக்குவோம். அதில் மது தந்த யவனர் உளர், கலம் ஏந்திய மகளிர் உளர், பருகிய மன்னன் உளன். குளிர்வித்தவர் மட்டும் இல்லை. இல்லை எனலாமா? ‘தண்’ என்னும் அடைமொழியே அவர் நிற்கும் இடம். ஈரத்துணி சுற்றியவரும், நீர் தெளித்தவரும், குப்பியைச் சுழற்றியவரும், பனிக்கட்டி சுமந்தவரும் வரலாற்றில் பெயராகப் பதியவில்லை, பண்பாக மட்டுமே பதிந்துள்ளனர். பெயர்ச்சொல்லில் இடம்பெறாதவர்களை அடைமொழியில் தேட வேண்டியிருக்கிறது.

நம் வட்டத்தில் அடைமொழிகளை வெட்டியெறியுமாறு இளங்கவிஞர்க்கு அறிவுரை கூறுகிறோம். பெரும்பாலும் அது நல்லறிவுரையே. எனினும் வெட்டுமுன் ஒருமுறை தட்டிப் பார்த்தல் நன்று. வெற்றோசை எழுந்தால் எறிந்துவிடலாம். உள்ளே ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும் ஓசை கேட்டால், அச்சொல்லை அவ்விடத்திலேயே விட்டுவைக்க வேண்டும். பத்தாண்டு கண்ட நம் வட்டம் இனிவரும் ஆண்டுகளிலும் அவ்வோசையைக் கேட்கும் செவியோடு வளர்க.